ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ: பூஸ்ட், ஏஎஃப்ஆர், இஜிடி மூணு மீட்டரும் போடணுமா?

நாலாம்கியர் · 2 ஜூன் 2025, இரவு 9.12

வண்டி 2016 ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, ஏழு கியர் டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்). ஸ்டேஜ் 1 மேப் (எஞ்சின் கம்ப்யூட்டரோட புரோகிராமை மாத்துறது) மட்டும் ஏத்தியிருக்கு, மத்ததெல்லாம் கம்பெனி சாமான். ஓடுறது பெரும்பாலும் கோவை–ஊட்டி, எப்பவாவது செட்டிபாளையம் கரி டிராக். ஏ பில்லர்ல (முன் கண்ணாடி ஓரத் தூண்) 52 மி.மீ. மீட்டர் மூணு உட்கார்ற பாட் வாங்கியாச்சு. பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்), ஏஎஃப்ஆர் (காத்து–பெட்ரோல் விகிதம்), இஜிடி (எக்ஸாஸ்ட் புகையோட வெப்பம்) போடலாம்னு இருக்கேன். முதல்ல எதை வாங்குறதுங்க? பட்ஜெட் நாற்பதாயிரம்.

ஸ்பேனர்14 · 2 ஜூன் 2025, இரவு 10.05

இந்த எஞ்சினுக்கு அந்த மூணுமே வேண்டாம்.

பூஸ்ட்: இன்டேக் மேனிஃபோல்டிலும் இன்டர்கூலருக்குப் பின்னாடியும் சென்சார் இருக்கு. டேஷ்ல முள் ஆட்டுறதைவிடத் துல்லியமா ஈசியுவுக்கே (எஞ்சின் கம்ப்யூட்டர்) தெரியும், அதை வெளிய எடுத்தாப் போதும்.

ஏஎஃப்ஆர்: டர்போவுக்கும் கேட்டுக்கும் (கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) நடுவுல இருக்கிற கம்பெனி லாம்ப்டா சென்சாரே (எக்ஸாஸ்ட் ஆக்சிஜனைப் பார்க்கிறது) வைட்பேண்ட்தான், அதாவது விகிதத்தை எண்ணாவே அளக்கிற வகை. ஃபுல் த்ராட்டில்லயும் ஈசியு அதைப் பார்த்துதான் பெட்ரோலைத் திருத்துது. பக்கத்துல இன்னொண்ணு வெல்ட் பண்ணினா அதே எண்ணை ரெண்டு இடத்துல பார்ப்பீங்க.

இஜிடி: உங்க எஞ்சினான ஈஏ888 மூணாம் தலைமுறையில எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளயே வார்த்திருக்கு. டர்போவுக்கு முன்னாடி டிரில் போட இடமே கிடையாது. டர்போவுக்குப் பின்னாடி ப்ரோப் செருகினா டர்பைன் வெப்பத்தைத் தின்ன பிறகு மிஞ்சுறதுதான் தெரியும்.

இந்த வண்டியில உண்மையிலேயே இல்லாதது ஆயில் பிரஷர் அளவு. கம்பெனி கொடுத்தது சுவிட்ச்தான்: பிரஷர் இருக்கு, இல்லை, அவ்வளவே. ஆகவே ஆயில் பிரஷர் மீட்டர் ஒண்ணு, விசிடிஎஸ் கேபிள் (ஈசியு தகவலை லேப்டாப்ல படிக்கிறது) ஒண்ணு, பழைய லேப்டாப் ஒண்ணு. பாட்ல மிச்ச ரெண்டு ஓட்டையில சில்லறை போட்டு வச்சுக்கலாம், டோலுக்கு ஆகும்.

செடியா_டர்போ · 2 ஜூன் 2025, இரவு 10.48

ஸ்பேனர் சொல்றது புது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குச் சரி. பழைய வண்டியில டர்போ போட்டவங்க இதைப் படிச்சுட்டு வைட்பேண்ட் வேண்டாம்னு போயிடாதீங்க.

திருவள்ளூர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் போட்ட மிட்சுபிஷி செடியாவை எடுத்துக்கோங்க. 4ஜி94, 1999 சிசி, டர்போ இல்லாம வந்த எஞ்சின். அதுல இருக்கிறது நேரோபேண்ட், 14.7-க்கு (பெட்ரோலோட முழு எரிப்பு விகிதம்) இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு மட்டும் சொல்லும். பூஸ்ட்ல 11.5 ஓடுதா 13 ஓடுதான்னு அதுக்குத் தெரியாது. 13 ஓடினா பிஸ்டன் ரிங் லேண்ட் (ரிங் உட்கார்ற விளிம்பு) போயிடும். அந்த மாதிரி எஞ்சினுக்கு வரிசை: வைட்பேண்ட், ஆயில் பிரஷர், பெட்ரோல் பிரஷர், பிறகுதான் மத்தது. பூஸ்ட் மீட்டர் கடைசி.

வைட்பேண்ட் போடுறவங்க கவனிக்க:

பங் (சென்சாரை முறுக்க எக்ஸாஸ்ட் பைப்புல வெல்ட் பண்ற வளையம்) எம்18×1.5. டர்போவைத் தாண்டி டவுன்பைப்ல 60–90 செ.மீ. தள்ளி, கேட் இருந்தா அதுக்கு முன்னாடி. சென்சார் படுக்கையில இருந்து குறைஞ்சது 10 டிகிரி மேலே தூக்கியிருக்கணும். தலை கீழ் நோக்கியோ படுத்தோ இருந்தா பைப்புல திரள்ற தண்ணி சூடான செராமிக்ல பட்டு வெடிக்கும். இக்னிஷன் ஆன் பண்ணி எஞ்சினை எடுக்காம நின்னு பேசிட்டிருக்காதீங்க. ஹீட்டர் சிவக்கும், ஸ்டார்ட் பண்ணினதும் அந்தத் தண்ணி நேரா வந்து அடிக்கும். கன்ட்ரோலர் கரன்ட் இல்லாம சென்சாரை மட்டும் சைலன்சர்ல விட்டு வண்டி ஓட்டினா கரி படிஞ்சு அதுவும் சாகும். வேலை முடிஞ்சா கழட்டிட்டு பிளக் போடுங்க.

சென்சார் பாஷ் எல்எஸ்யு 4.9. போலி நிறைய நடமாடுது. விலை பாதியா இருந்தா கேள்வியே வேண்டாம், போலிதான்.

தீப்பொறி · 3 ஜூன் 2025, காலை 7.20

வைட்பேண்ட் பேச்சு வந்ததால ஒண்ணு. மீட்டரை ஏஎஃப்ஆர்ல வைக்காம லாம்ப்டாவுல (முழு எரிப்பு விகிதத்தை 1-னு வச்ச அளவு) வைங்க. இப்ப பங்க்ல ஊத்துறது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்).

கலப்பில்லாத பெட்ரோலுக்கு முழு எரிப்பு விகிதம் 14.7. ஈ10-க்கு ஏறக்குறைய 14.1, ஈ20-க்கு 13.5. சென்சார் அளக்கிறது ஆக்சிஜனை, அதாவது லாம்ப்டாவை. மீட்டர் கண்ணை மூடிட்டு அதை 14.7-ஆல பெருக்கிக் காட்டும். ஈ20 ஊத்தி மீட்டர் 11.8 காட்டினா உண்மையான விகிதம் 10.8 பக்கம், ஆனா லாம்ப்டா 0.80. கலவை சரியாத்தான் இருக்கு. யாராவது "ஈ20-க்கு டார்கெட்டை 10.8-னு மாத்து"னு சொல்லி, அதை பெட்ரோல் ஸ்கேல் மீட்டர்ல துரத்தினா லாம்ப்டா 0.73-க்குப் போயிடும். பிளக் கறுத்து, சிலிண்டர் சுவர்ல ஆயில் கழுவிப் போகும்.

ஆபத்து எதிர்ப்பக்கம். ஈ10-ல மேப் பண்ணின பழைய எஞ்சின், ஃபுல் த்ராட்டில்ல ஓப்பன் லூப் (சென்சாரைப் பார்த்துத் திருத்தாது). ஈ20 ஊத்தினதும் 4 சதவீதம் லீன் (பெட்ரோல் குறைவு). 0.80 இருந்தது 0.83 ஆகும். எத்தனால் ஆக்டேனைக் கூட்டுறதால நாக் (கலவை தானா வெடிக்கிறது) வராம தப்பிக்கலாம். பழைய பம்பும் இன்ஜெக்டரும் ஏற்கெனவே எல்லையில இருந்தா தப்பாது.

செடியா_டர்போ · 3 ஜூன் 2025, காலை 8.02

பங்க்ல ஊத்தினது ஈ எவ்வளவுன்னு பார்க்க 100 மி.லி. அளவு ஜாடி போதும். 10 மி.லி. தண்ணி, 90 மி.லி. பெட்ரோல். மூடி நல்லா குலுக்கி பத்து நிமிஷம் நிக்க விடுங்க. எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணியோட சேர்ந்துடும். கீழ் அடுக்கு 10-ல இருந்து 28-க்கு வந்தா கூடினது 18. 90-ல 18, அதாவது 20 சதவீதம். ஒண்ணு ரெண்டு மி.லி. முன்னப்பின்ன இருக்கும். தண்ணியில ரெண்டு சொட்டு இங்க் விட்டா கோடு தெளிவாத் தெரியும். மொட்டை மாடியில, காத்தோட்டமா செய்யுங்க. சமையல்கட்டுல வேண்டாம்.

நாலாம்கியர் · 3 ஜூன் 2025, இரவு 8.30

சரிங்க, ஆயில் பிரஷர் வாங்குறேன். எவ்வளவு இருந்தா நல்லது? ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐனு எல்லாரும் சொல்றாங்களே?

ஸ்பேனர்14 · 3 ஜூன் 2025, இரவு 9.15

அந்தக் கணக்கு சாதாரண கியர் பம்ப் உள்ள எஞ்சினுக்கு. செடியாவுக்குப் பொருந்தும், உங்களுக்கு ஆகாது.

உங்க எஞ்சின்ல பம்ப் ரெண்டு கட்டம். சாதாரண ஓட்டத்துல சுமார் 1.5 பார், ஆர்பிஎம்மோ லோடோ ஏறினதும், தோராயமா 4500 பக்கம், சுமார் 3.75 பாருக்குத் தாவும். சூடான ஆயில்ல 3000 ஆர்பிஎம்ல மீட்டர் 22 பிஎஸ்ஐ காட்டும். பழைய கணக்குப்படி பார்த்தா எஞ்சின் செத்துப்போச்சு. உண்மையில வடிவமைச்சதே அப்படித்தான், பம்ப் சுத்துறதுக்குச் செலவாகிற பெட்ரோலை மிச்சப்படுத்த.

நீங்க பார்க்க வேண்டியது மூணு. ஒண்ணு, தாவல் நடக்குதா. 5000-த்துல இன்னும் 1.5-லயே நின்னா வால்வோ சோலனாய்டோ ஒட்டிக்கிச்சு, காலை எடுங்க. ரெண்டு, அதே ஆயில் சூட்டுல, அதே ஆர்பிஎம்ல, போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கா. மூணு, டிராக் வளைவுல ஆயில் ஒதுங்கி அரை விநாடி விழுந்து எழுந்திருக்குதா.

அந்த மூணாவதை மீட்டர்ல யாராலயும் பிடிக்க முடியாது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் சி1 வளைவுல ஏ பில்லரைப் பார்க்கிறவன் அடுத்து பார்க்கிறது டயர் சுவரைத்தான். அதனால 0.5–4.5 வோல்ட் கொடுக்கிற மூணு ஒயர் சென்டர் (அழுத்தத்தை வோல்ட்டா மாத்துற சென்சார்) வாங்கி, மீட்டரோட சேர்த்து லாகருக்கும் (பதிவு பண்ற கருவி) ஒயர் இழுங்க. 100 பிஎஸ்ஐ சென்டர்னா வோல்ட்ல இருந்து 0.5 கழிச்சு 25-ஆல பெருக்கினா பிஎஸ்ஐ.

தீப்பொறி · 3 ஜூன் 2025, இரவு 9.31

அலாரம் பத்தி. "20 பிஎஸ்ஐக்குக் கீழே போனா கத்து"ன்னு வச்சா ஒவ்வொரு சிக்னல்லயும் கத்தும். ஒரு வாரத்துல ஒயரைப் பிடுங்கிப் போட்டுடுவீங்க. ஆர்பிஎம்மோட சேர்த்துப் பார்க்கிற அலாரம் வேணும்: 5000-த்துக்கு மேல 40 பிஎஸ்ஐக்குக் கீழே போனா மட்டும். அந்த வசதி மீட்டர்ல இல்லேன்னா எல்லையை 10 பிஎஸ்ஐல வைங்க. கம்பெனி விளக்கைவிட ஒரு படி மேலேன்னு வச்சுக்கலாம், அதுக்கு மேல எதிர்பார்க்காதீங்க.

நாலாம்கியர் · 7 ஜூன் 2025, மாலை 6.44

விசிடிஎஸ் வர்ற வரைக்கும் 700 ரூபா புளூடூத் ஓபிடி (வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்ல மாட்டுற அடாப்டர்) மாட்டி போன்ல லாக் எடுத்தேன். பன்னிரண்டு சேனல். மூணாவது கியர் 2500-ல இருந்து 6200 வரைக்கும் மொத்தமே ஏழு வரிதான் இருக்கு. இதை வச்சு என்ன தெரியும்?

இன்னொண்ணு, மேட்டுப்பாளையத்துல பூஸ்ட் 0.83 காட்டின அதே இழுப்பு ஊட்டியில 1.03 காட்டுது. வேஸ்ட்கேட் (பூஸ்ட்டை மட்டுப்படுத்துற கதவு) ஒட்டுதோ?

ஸ்பேனர்14 · 7 ஜூன் 2025, இரவு 7.50

வேஸ்ட்கேட் நல்லாத்தான் இருக்கு. ஊட்டி 2240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் சுமார் 0.77 பார். மேட்டுப்பாளையத்துல 0.97. ஈசியு குறி வைக்கிறது மொத்த அழுத்தத்தை. கீழே 1.80-ல 0.97 போனா 0.83, மேலே 1.80-ல 0.77 போனா 1.03. உங்க போன் ஆப் கழிச்சுக் காட்டுது. மலையில டர்போ அதே 1.80-க்கு வேகமாச் சுத்த வேண்டியிருக்கும், காத்தும் கூடுதலாச் சூடாகும். அதனால எப்பவும் மொத்த அழுத்தத்தை லாக் பண்ணுங்க, கழிச்ச எண்ணை வேண்டாம்.

ஓபிடி பொது பட்டியல்ல மேனிஃபோல்டு அழுத்தம் ஒரே பைட். 255 கேபிஏதான் (2.55 பார்) உச்சம். அதுக்கு மேல பூஸ்ட் ஏறினாலும் 255-லயே கோடு போட்ட மாதிரி நிக்கும். பெரிய டர்போக்காரங்க "என் பூஸ்ட் எவ்வளவு நிலையா இருக்கு பாரு"ன்னு போடுற படம் பாதி இதுதான்.

ஏழு வரிக்குக் காரணம் பன்னிரண்டு சேனல். மலிவு அடாப்டர் ஒவ்வொண்ணா கேட்டு ஒவ்வொண்ணா பதில் வாங்கும். விசிடிஎஸ்லயும் முப்பது சேனல் டிக் போட்டா இதே கதிதான். ஒரு ஓட்டத்துக்கு ஆறு ஏழு போதும்.

முதல் ஓட்டம்: ஆர்பிஎம், பூஸ்ட் கேட்டது, பூஸ்ட் கிடைச்சது, லாம்ப்டா கேட்டது, கிடைச்சது, இன்டேக் சூடு. ரெண்டாவது ஓட்டம்: ஆர்பிஎம், நாலு சிலிண்டருக்கும் தனித்தனியா டைமிங் பின்வாங்கல் (நாக் வந்தா ஈசியு தீப்பொறியைத் தள்ளிப் போடுறது). மூணாவது: ஆர்பிஎம், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு முன்னாடி பெட்ரோல் அழுத்தம்) கேட்டது, கிடைச்சது, டேங்க் பம்ப் பிரஷர். மூணுமே அதே கியர், அதே ரோடு, ஆயில் 80 டிகிரி தாண்டின பிறகு. மூணாவது கியர் 6200-ல சட்டப்படியான வேகம் தாண்டிடும். ஆள் நடமாட்டமுள்ள ரோட்டுல செய்யாதீங்க, டிராக்ல இல்லேன்னா டைனோவுல (வண்டியை நிறுத்தி ஓட்டி அளக்கிற மெஷின்) செய்யுங்க.

ஸ்பேனர்14 · 7 ஜூன் 2025, இரவு 8.22

லாகை எப்படிப் படிக்கிறதுன்னு கேட்கும் முன்னாடியே:

நாலு சிலிண்டரும் 0-ல இருந்து 3 டிகிரி வரைக்கும் அங்கங்க பின்வாங்கினா பயப்பட ஒண்ணுமில்லை. நாலும் சேர்ந்து 5, 6-னு போனா பெட்ரோல் ஆக்டேன் பத்தலை, இல்லேன்னா இன்டேக் சூடு, இல்லேன்னா மேப் பேராசை. ஒரே சிலிண்டர் மட்டும் பின்வாங்கினா மேப்பைத் திட்டாதீங்க. அந்த பிளக், அந்த காயில், அந்த இன்ஜெக்டரைப் பாருங்க. காயிலை ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் மாத்திப் போட்டு மறுபடி லாக் எடுங்க. பிரச்சனை கூடவே போனா காயில்.

இன்டேக் சூடு வெளிக்காத்தைவிட 15–20 டிகிரி கூட இருந்தா நல்லது. மே மாசம் வெளியில 40, உள்ள 60, சரி. தொடர்ந்து நாலு இழுப்புல 60, 66, 73, 80-னு ஏறிட்டே போனா இன்டர்கூலர் தாங்கலை. அங்க பூஸ்ட் கூட்டினா பவர் ஏறாது, டைமிங்தான் குறையும்.

ரெயில் பிரஷர் கேட்டதுக்கும் கிடைச்சதுக்கும் இடைவெளி உச்ச ஆர்பிஎம்ல விரிஞ்சா முதல்ல டேங்க் பம்ப்பைப் பாருங்க. அது சரியா இருந்தா மேல கேம் ஓட்டுற ஹை பிரஷர் பம்ப்.

ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ட்ரிம் (ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சதவீதம்) ரெண்டையும் கூட்டிப் பாருங்க. கூட்டுத்தொகை 5-க்குள்ள இருந்தா மறந்துடலாம். ஐடில்ல +12, ரோட்டுல +3-னா எங்கயோ காத்து இழுக்குது. ஐடில்ல 0, லோடுல +12-னா பெட்ரோல் பத்தலை.

செடியா_டர்போ · 8 ஜூன் 2025, காலை 6.55

காத்து கசிவு தேட ஸ்மோக் மெஷின் இல்லாதவங்க பிவிசி மூடியில டயர் வால்வு ஒண்ணைச் செருகி டர்போ வாயில கிளாம்ப் போட்டு 1 பார் காத்து ஏத்துங்க, சோப்புத் தண்ணி தெளிங்க. மூடிக்கு நேரா நிக்காதீங்க. கிளாம்ப் நழுவினா பீரங்கிதான்.

வைட்பேண்ட் லீன் காட்டினா உடனே பெட்ரோலைக் கூட்டாதீங்க. மிஸ்ஃபயர் ஆன சிலிண்டர்ல எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளிய வரும், சென்சார் அதை லீன்னு படிக்கும். பெட்ரோல் கூட்டினா மிஸ்ஃபயர் இன்னும் கூடும். பூஸ்ட்ல பிளக் கேப் 0.7 மி.மீ. பக்கம் இருக்கட்டும், 1.1-லயே விட்டுட்டு மேப்பரைத் திட்டுறவங்க நிறைய. சென்சாருக்கு முன்னாடி கேஸ்கட் கசிஞ்சாலும் இதே போலி லீன், ஐடில்ல கூடுதலா.

எர்த். ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் வைட்பேண்ட் மீட்டரோட அனலாக் ஒயர்ல ஒரு வோல்ட்டுக்கு 2.375 ஏஎஃப்ஆர். ஹீட்டர் எர்த்தும் சிக்னல் எர்த்தும் வேற வேற இடத்துல இருந்து 0.1 வோல்ட் வித்தியாசம் வந்தா ஈசியு படிக்கிறது 0.24 தப்பு. மீட்டர்ல 11.6, லேப்டாப்ல 11.84. எதை நம்புறது? ரெண்டு எர்த்தையும் ஈசியு எர்த் பக்கத்துல கொண்டு வாங்க. கேன் (டிஜிட்டல் தகவல் ஒயர்) இருந்தா கேன்லயே இணைங்க, இந்தத் தொல்லை மொத்தமாப் போகும்.

பின்சீட் · 8 ஜூன் 2025, காலை 11.10

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கவும். செடியாவுக்கு இஜிடி வேணுமா வேண்டாமா? ஸ்பேனர் வேண்டாம்னாரு, மேனிஃபோல்டு தனியா இருக்கிற வண்டிக்கு?

செடியா_டர்போ · 8 ஜூன் 2025, பகல் 12.40

போடலாம், ஆனா அது சொல்றதைத் தப்பாப் புரிஞ்சுக்கிறவங்கதான் அதிகம். இஜிடி ஏறினா லீன்னு அர்த்தமில்லை. டைமிங் பின்வாங்கினாலும் எரிப்பு தாமதமாகி வெப்பம் எக்ஸாஸ்ட்ல கொட்டும். லாம்ப்டா 0.80-லயே நிக்குது, இஜிடி மட்டும் 60 டிகிரி ஏறுதுன்னா டைமிங்கைப் பாருங்க.

ப்ரோப் கே டைப் தெர்மோகப்பிள், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுல நாலும் சேர்ற இடத்துல, நுனி நடுப்பாதை வரைக்கும். டிரில் போடும்போது டர்போவைக் கழட்டிடுங்க, கிரீஸ் தடவின டேப் போட்டாலும் தூள் உள்ள போகத்தான் செய்யும். மலிவு ப்ரோப் நுனி உடைஞ்சா நேரா டர்பைன் இறக்கையில போய் விழும்.

ஒயர் குட்டையா இருக்குன்னு சாதா செம்பு ஒயர்ல நீட்டாதீங்க. இணைப்பு பானட்டுக்குள்ள 80 டிகிரியில, மீட்டர் கேபின்ல 30 டிகிரியில இருந்தா ரீடிங் 50 டிகிரி குறைவாக் காட்டும். 900 ஓடுறது 850-னு தெரியும். கே டைப் நீட்டிப்பு ஒயரே வாங்குங்க, பிளஸ் மைனஸ் மாறாம.

பணம் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா இஜிடியை விட்டுட்டு பெட்ரோல் பிரஷர் சென்டர். அடிப்படை 3 பார்னா 0.8 பூஸ்ட்ல 3.8 வரணும். 3.8-ல ஆரம்பிச்சு 6000-த்துல 3.4-க்கு நழுவினா பம்ப்பை மாத்துறதுக்கு முன்னாடி பம்ப் முனையில மல்டிமீட்டர் வைங்க. பழைய ஒயர்ல 11.5 வோல்ட்தான் போயிட்டிருக்கும். பேட்டரியில இருந்து ரிலே போட்டுத் தடிச்ச ஒயர் இழுத்தா பாதி வண்டிக்கு அதே பம்ப் போதும்.

தீப்பொறி · 8 ஜூன் 2025, பகல் 1.15

பெட்ரோல் லைனையும் ஆயில் லைனையும் கேபினுக்குள்ள கொண்டு வர்ற மெக்கானிக்கல் மீட்டர் மட்டும் யாரும் வாங்காதீங்க. 300 ரூபா மிச்சம் பிடிக்கப் போய் மடியில சூடான ஆயில்.

பின்சீட், நாக் கேட்க ஆசை இருந்தா: 573-ஐ சிலிண்டர் விட்டம் மி.மீ.ஆல வகுத்தா கிலோ ஹெர்ட்ஸ். செடியா 81.5, ஆக்டேவியா 82.5, ரெண்டுமே 7 பக்கம். பாஷ் டோனட் சென்சாரை பிளாக்ல நேரடியா, வாஷர் இல்லாம, 20 நியூட்டன் மீட்டர். கைக்கணக்குல இறுக்கினா சிக்னல் மாறும். 5500-க்கு மேல வால்வு சத்தமும் அதே அலைவரிசையில கலக்கும், அங்க எண்ணை நம்பாம ஹெட்ஃபோன்ல கேளுங்க. வறுக்கிற கடுகு மாதிரி கேட்டா காலை எடுத்துடுங்க.

ஸ்பேனர்14 · 8 ஜூன் 2025, மாலை 4.30

நாலாம்கியருக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. உங்க கியர்பாக்ஸ் டிக்யூ200, உலர் கிளட்ச், 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைச்சது. கம்பெனி எஞ்சினே இந்தியாவுல 250-தான் கொடுத்தது, இதுக்காகத்தான். ஸ்டேஜ் 1 அதைத் தாண்டும். விசிடிஎஸ்ல கியர்பாக்ஸ் பக்கம் போய் கிளட்ச் வெப்பத்தையும் லாக் பண்ணுங்க. ஊட்டி ஏத்தத்துல லாரி பின்னாடி ஊர்ந்து போறப்பதான் அது ஏறும், டிராக்ல இல்லை. எஞ்சினுக்கு மீட்டர் வாங்குற அக்கறையில பாதி அதுக்கும்.

நாலாம்கியர் · 8 ஜூன் 2025, இரவு 9.05

கிளட்ச் விஷயம் மேப் போட்டவர் சொல்லவே இல்லைங்க. பார்க்கிறேன். சென்டர் வந்துடுச்சு, 1/8 என்பிடி (அமெரிக்கக் கூம்பு இழை). பழைய சுவிட்ச் இடத்துல நேரா ஒரு டி (மூணு வாய் இணைப்பு) போட்டு மாட்டிடலாமா? டிரெயின் போல்ட்ல ஆயில் சூடு சென்சாரும் போடலாம்னு கடைக்காரர் சொல்றாரு.

ஸ்பேனர்14 · 8 ஜூன் 2025, இரவு 9.40

டிரெயின் போல்ட் சென்சார் வேண்டாம். நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்கு அதுதான் முதல் பலி. ஆயில் சூடு உங்க டேஷ்லயே இருக்கு, 50 டிகிரி தாண்டினதும் எண் வரும்.

சுவிட்ச் இடத்துல இருக்கிறது எம்10×1, உங்க சென்டர் 1/8 என்பிடி. ரெண்டுக்கும் பிட்ச் கிட்டத்தட்ட ஒண்ணுபோல இருக்கிறதால ரெண்டு சுத்து ஏறும், பிறகு அலுமினியத்தைத் தின்னும். அடாப்டர் வாங்குங்க. கனமான பித்தளை சென்டரை டி மேல நேரா தொங்க விட்டா எஞ்சின் அதிர்வுல அடாப்டர் கழுத்து விரியும். 40 செ.மீ. பின்னல் ஓஸ் போட்டு, சென்டரை பயர்வால்ல கிளாம்ப் அடிச்சு நிறுத்துங்க. பழைய சுவிட்சை எடுத்துடாதீங்க. டி-யோட இன்னொரு வாயில அது இருக்கட்டும், இல்லேன்னா டேஷ்ல எச்சரிக்கை வரும்.

தீப்பொறி · 8 ஜூன் 2025, இரவு 9.52

ஜப்பான் வண்டிக்காரங்களுக்கு: உங்க பிளாக்ல பிடி 1/8, அங்குலத்துக்கு 28 இழை. என்பிடி 27. அதுவும் ரெண்டு சுத்து ஏறி ஏமாத்தும்.

செடியா_டர்போ · 8 ஜூன் 2025, இரவு 10.10

டெஃப்லான் டேப் சுத்துறவங்களுக்கு: ஒத்தை ஒயர் சென்டருக்கு உடம்புதான் எர்த். டேப் அந்த எர்த்தைத் தடுத்தா ரீடிங் தப்பாகும். கிழிஞ்ச துணுக்கு ஆயில் பாதைக்குள்ள போனா அடுத்த வேலை எஞ்சின் இறக்குறது. என்பிடி பக்கம் திரவ சீலன்ட், முதல் இழையை விட்டுட்டு. எம்10 பக்கம் எதுவும் தடவ வேண்டாம், அங்க சீல் பண்றது செம்பு வாஷர். ஒவ்வொரு முறை கழட்டும்போதும் புது வாஷர் போடுங்க, பத்து ரூபாதான்.